இறால் பண்ணை உரிமம்: பண்ணைக்காரரும் பக்கத்து வயல்காரரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இறால் பண்ணை போடப் போகிறவர் ஒரு பக்கம். அந்தப் பண்ணையால் தன் கிணறு உப்புக் கரித்துவிடுமோ என்று பயப்படுகிறவர் இன்னொரு பக்கம். வேதாரண்யம், சீர்காழி, மரக்காணம், பொன்னேரி என்று எங்கே போனாலும் இரண்டு பேரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: அனுமதி யார் தருகிறார், எதைப் பார்த்துத் தருகிறார், தந்த பிறகு வந்து பார்க்கிறாரா இல்லையா. அதனால் பதிலையும் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் மற்றவருக்கான பதிலையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இறால் பண்ணைக்கு லைசென்ஸ் தருவது யார்? பஞ்சாயத்தா, மீன்வளத் துறையா?

இரண்டும் இல்லை. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் என்ற மத்திய அரசின் அமைப்பு. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் இதை ஆங்கில எழுத்துகளில் 'சிஏஏ' என்பார்கள். 2019-க்குப் பிறகு டீக்கடையில் உட்கார்ந்து "சிஏஏ-வில் பதிய வேண்டும்" என்று சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். குடியுரிமைச் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

சட்டத்தின் வார்த்தையில் இது 'லைசென்ஸ்' கூட இல்லை, 'பதிவு'. ஆனால் பதிவு இல்லாமல் பண்ணை நடத்தக் கூடாது என்பதால் நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான். மாநில மீன்வளத் துறைக்கும் வேலை உண்டு: விண்ணப்பம் வாங்குவது, இடத்தைப் பார்ப்பது, மேலே அனுப்புவது. உங்கள் கண்ணுக்குத் தெரியும் அதிகாரி மாநிலத்துக்காரர். சான்றிதழில் இருக்கும் பெயர் ஆணையத்தினுடையது. ஒரு புகார் ஏன் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே பந்தாடப்படுகிறது என்பதற்கு விளக்கம் பெரும்பாலும் இதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

எங்கள் நிலம் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. எங்களுக்கும் பொருந்துமா?

கடலை மட்டும் பார்த்து அளக்காதீர்கள். கடல், ஆறு, கழிமுகம், உப்பங்கழி ஆகியவற்றின் உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏறும்போது தண்ணீர் எட்டும் உச்ச எல்லையிலிருந்து) 2 கிலோமீட்டருக்குள் உள்ள நிலம் எல்லாம் கடலோரப் பகுதிக் கணக்கில் வருகிறது. கடற்கரையிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும், அலை ஏறி இறங்கும் ஓர் உப்பனாறு உங்கள் வரப்பை ஒட்டிப் போனால் நீங்கள் எல்லைக்குள்தான். டெல்டாவில் வாய்க்காலெல்லாம் கடைசியில் ஏதோ ஓர் உப்பனாற்றில்தான் போய் விழுகிறது. ஆகவே புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிட்டத்தில் அலை வரும் நீர்நிலை எது என்று முதலில் கேளுங்கள்.

இறால் மட்டும் என்றும் இல்லை. அந்த எல்லைக்குள் உப்புத் தண்ணீரிலோ உவர் தண்ணீரிலோ கொடுவா வளர்த்தாலும், மடவை வளர்த்தாலும், நண்டு கொழுக்க வைத்தாலும் பதிவு வேண்டும்.

கட்லா, ரோகு வளர்க்கும் நன்னீர்க் குட்டைக்கு?

2005 சட்டம் நன்னீர் வளர்ப்பைத் தொடுவதில்லை. அரசியல் சாசனப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அது மாவட்ட மீன்வளத் துறையின் பாடு. மானியம், கடன் என்று எது கேட்டாலும் முதலில் அவர்களிடம் பதிந்திருக்கிறீர்களா என்றுதான் கேட்பார்கள்.

இரண்டு மீன்களில் மட்டும் கவனம் வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது தடை. சாக்கடைத் தண்ணீரிலும் பிழைக்கும், கோழிக் கழிவைப் போட்டாலும் வளரும், வெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் போனால் நாட்டு மீனைத் தின்று தீர்க்கும். பிடிபட்டால் குட்டையோடு அழிப்பார்கள், இழப்பீடு கிடையாது. இன்னொன்று 'கிஃப்ட்' திலேப்பியா, அதாவது வளர்ச்சி கூட்டப்பட்ட ஜிலேபிக் கெண்டை. இதற்குத் தடை இல்லை. ஆனால் அனுமதி வாங்கித்தான் வளர்க்க வேண்டும், குஞ்சும் அங்கீகரித்த இடத்திலிருந்து வர வேண்டும்.

ஊர் ஏரியில் மீன்பாசி ஏலம் எடுப்பது முற்றிலும் வேறு கதை. அது குத்தகை உரிமை. ஏரியில் இருக்கும் மீனைப் பிடிக்கலாம், ஏரியை உங்கள் பண்ணையாக்க முடியாது.

பண்ணை போடவே கூடாத இடம் எது?

உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாகக் குளம் வெட்டக் கூடாது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் ஏற்கெனவே அங்கே இருந்த பண்ணைகளுக்கு விலக்கு உண்டு. "அவர் மட்டும் 150 மீட்டரில் நடத்துகிறாரே" என்று கேட்பவர்கள் அந்தப் பண்ணையின் வயதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

அலையாத்திக் காடு, உப்பளம், விளைநிலம் ஆகியவற்றைக் குளமாக்கக் கூடாது. பிறகு தூரக் கணக்குகள். 500 பேருக்குக் குறைவாக இருக்கும் குக்கிராமம் என்றால் 100 மீட்டர் தள்ளி, அதைவிடப் பெரிய ஊர் என்றால் 300 மீட்டர் தள்ளி. குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர். பக்கத்து விளைநிலத்திலிருந்து, மண்ணின் தன்மையைப் பொறுத்து 50 முதல் 100 மீட்டர். மணற்பாங்கான மண்ணில் உப்பு வேகமாகக் கசியும் என்பதால்தான் இந்த வித்தியாசம். இவற்றோடு பலர் மறந்துவிடும் ஒரு கணக்கும் இருக்கிறது. மொத்த நிலத்தில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்ப் பரப்பு இருக்கக் கூடாது. 10 ஏக்கர் வைத்திருந்தால் 6 ஏக்கரில்தான் குளம்.

காகிதத்தில் இவை எல்லாம் சரியாக வந்துவிடும். ஒட்டி ஒட்டி இருபது பேர் தனித்தனியாக விண்ணப்பித்து, ஒவ்வொருவரும் தன் அளவில் விதிக்கு உட்பட்டு, எல்லாருடைய தண்ணீரும் ஒரே வாய்க்காலில் போய் விழும்போது என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பட்டியலில் பதில் தேடினால் கிடைக்காது. குறை அங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன்: அனுமதி ஒவ்வொரு பண்ணையாகப் பார்த்துத் தரப்படுகிறது, ஆனால் உப்பு ஒரு கிராமத்துக்கே சேர்ந்துதான் ஏறுகிறது.

"என் நிலம் விளையாத நிலம்" என்று சான்று வாங்கிவிட்டால் போதுமா?

அடங்கலில் தரிசு என்று இருந்தால் வேலை சுலபம் என்பது உண்மை. ஆனால் இரண்டு வருடம் வேண்டுமென்றே பயிர் வைக்காமல் போட்டுவிட்டு வந்து கேட்பதும் நடக்கிறது. பக்கத்துக் குளத்தின் உப்பால் உண்மையிலேயே விளையாமல் போய், வேறு வழியின்றி நிலத்தைக் குளத்துக்குக் குத்தகை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் கையெழுத்துப் போடும்போது முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது.

1996-இல் உச்ச நீதிமன்றம் எல்லாப் பண்ணைகளையும் இடிக்கச் சொன்னதே. பிறகு எப்படி இத்தனை பண்ணைகள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இன்றைய விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கான காரணம் இந்த வரலாற்றில் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் டைகர் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. கம்பெனிகள் தஞ்சை, நாகை கடலோரத்தில் நிலத்தை மொத்தமாக வாங்கிக் குளம் வெட்டின. கூலி வேலை போனது, குடிதண்ணீர் போனது, கடலுக்குப் போகும் பாதை அடைபட்டது என்று ஊர்கள் எழுந்தன. நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் இயக்கத்தைக் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனோடு சேர்ந்து நடத்திவந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றம் போனார். அதற்கு நடுவே 1995-இல் தமிழக அரசே நீர்வாழ் உயிரின வளர்ப்பை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் போட்டது.

1996 டிசம்பர் 11-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், இறால் குளம் கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். பரம்பரை முறையில் நடப்பவற்றுக்கு விலக்கு. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் எதுவும் கூடாது. மாசுபடுத்தியவர் இழப்பீடு தர வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளிக்கு ஆறு ஆண்டுச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். இதையெல்லாம் கவனிக்க ஓர் ஆணையம் வேண்டும்.

இன்றைய ஆணையத்துக்கு முன்னோடியான ஓர் ஆணையம் 1997 பிப்ரவரியில் வந்துவிட்டது. இடிப்பு வரவில்லை. மறு ஆய்வு மனுக்கள் போயின, காலம் ஓடியது. 2005-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அந்த 500 மீட்டர் மண்டலத்தை வகுத்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே ஒரு வரியைச் சேர்த்தது: அதில் உள்ள தடை கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொருந்தாது. அந்த வரி எந்தத் தேதியிலிருந்து செல்லும் தெரியுமா? 1991 பிப்ரவரி 19, அதாவது அந்த அறிவிக்கை பிறந்த நாளிலிருந்தே. தீர்ப்பு எந்தத் தரையில் நின்றதோ அந்தத் தரை பின்தேதியிட்டு உருவப்பட்டது. 500 மீட்டர் 200 ஆனது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம், ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இந்தத் தொழிலுக்கு இடம் உண்டு என்பதை இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது.

பண்ணைக்காரர்கள் இதை 'தொழிலைக் காப்பாற்றிய சட்டம்' என்பார்கள். வயல்காரர்கள் 'தீர்ப்பைத் தின்ற சட்டம்' என்பார்கள். இரண்டும் பொய் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தூரம் குறைந்ததே தவிர, விளைநிலத்தைத் தொடாதே, கழிவைச் சுத்திகரி, பதிவு செய் என்று இன்று பண்ணைக்காரர் தலையில் இருக்கும் விதிகளின் வேர் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

விண்ணப்பம் எப்படி நகரும்?

நிலத்தின் பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம். குத்தகை நிலம் என்றால் குத்தகைப் பத்திரம். குளங்கள் எங்கே, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், எங்கே விடுகிறீர்கள் என்று காட்டும் வரைபடம். இவற்றோடு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகம். அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. 2005 விதிகள் வகுத்த வழியில் 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் அளவுக்குள் இருக்கும் பண்ணை மாவட்டக் குழுவின் பரிந்துரையோடு ஆணையத்துக்குப் போகும். அதற்கு மேல் என்றால் மாநிலக் குழுவையும் தாண்ட வேண்டும், சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லை என்று ஆணையம் தனியாகத் திருப்தி அடையவும் வேண்டும்.

ஏஜென்ட் தேவையா என்றால், தேவையில்லை. வரைபடத்தில் 'தண்ணீர் விடும் இடம்' என்ற கட்டத்தை மட்டும் ஒழுங்காக நிரப்புங்கள். பலர் 'அருகிலுள்ள வாய்க்கால்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பாசன வாய்க்காலாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும், நிற்கவும் வேண்டும்.

பதிவு எத்தனை வருடம் செல்லும்?

ஐந்து வருடம். முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். நடுவில் குத்தகைதாரர் மாறினால் பழையவரின் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டு புதியவர் நடத்த முடியாது.

வனாமி இறாலுக்குத் தனி அனுமதி ஏன்?

வனாமி நம் கடல் இறால் இல்லை. லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரைக்காரன். 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் டைகர் இறால் பண்ணைகளைத் துடைத்துவிட்டுப் போன பிறகு மாற்று தேடியபோது, 2009-இல் இதற்குக் கதவு திறந்தார்கள், ஒரு கட்டு நிபந்தனைகளோடு. தாய் இறால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாததாக இருக்க வேண்டும், சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் இருந்து தேறிய பிறகே பொரிப்பகத்துக்குப் போக வேண்டும். பண்ணையைச் சுற்றி வேலி, மேலே பறவை வராமல் கயிறு, நண்டு புகாமல் தடுப்பு, தண்ணீரை முன்கூட்டித் தேக்கிச் சுத்தம் செய்யத் தனிக் குளம். சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக் கூடாது. ஓர் ஏக்கர் நீர்ப்பரப்பு என்றால் சுமார் 2.4 லட்சம். "இன்னும் 50,000 சேர்த்து விடலாம், ஏரேட்டர் தாங்கும்" என்று சொல்லும் குஞ்சு வியாபாரி உங்கள் குளத்துக் கழிவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை.

பதிவு பெற்ற பொரிப்பகத்தில் மட்டும் குஞ்சு வாங்குங்கள். நோய்ச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். விலையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். வெண்புள்ளி வந்தால் போவது முழுக் குளம்.

கழிவுநீர்க் குளம் கட்டாயமா? சின்னப் பண்ணைக்குமா?

பொதுவான விதி 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைக்குக் கட்டாயம் என்கிறது. வனாமி என்றால் அளவு பார்ப்பதில்லை, எல்லாருக்கும் கட்டாயம். மொத்தக் குளப் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். அறுவடைத் தண்ணீர் அங்கே தங்கி, வண்டல் அடியில் படிந்த பிறகே வெளியே போக வேண்டும்.

வெளியே விடும் தண்ணீருக்கு அளவு உண்டு. கடலில் நேராக விடுவதென்றால் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள், உயிரிய ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எடுக்கும் ஆக்சிஜன்) 50-க்குள். கழியிலோ ஆற்றிலோ விடுவதென்றால் அந்த 50 என்பது 20 ஆகிவிடும். ஓடும் இடம் குறுகினால் விதி இறுகும். இதில் உப்புக்கு வரம்பு தேடாதீர்கள். கடலுக்குப் போகும் தண்ணீரில் உப்பு ஒரு மாசு இல்லை. பக்கத்து வயலுக்கு அதுதான் முதல் மாசு. இந்த ஒரு காரணத்துக்காகவே குளத்துக்கும் வயலுக்கும் இடையில் நன்னீர் ஓடும் வடிகால் ஒன்றை வெட்டி வைப்பது நல்லது; கசிவை அது வாங்கிக்கொண்டு போகும்.

நோய் வந்த குளத்துத் தண்ணீரைக் குளோரின் போட்டுக் கிருமி கொல்லாமல் மதகைத் திறப்பது குற்றம் என்பதைவிடப் பெரிய துரோகம். வாய்க்காலின் கீழே இருப்பவர் அதே தண்ணீரைத்தான் உள்ளே எடுக்கிறார்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஆன்டிபயாட்டிக் போடலாமா?

கூடாது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் வகைகள் உட்பட ஒரு பெரிய தடைப் பட்டியலே இருக்கிறது; 2023 திருத்தம் தடையைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இதில் அரசை ஏமாற்றினாலும் வாங்குகிறவரை ஏமாற்ற முடியாது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியப் பண்ணை இறாலில் சோதிக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக்கியது. அங்கே ஒரு கன்டெய்னர் திரும்பினால் இங்கே 50 கவுண்ட், அதாவது கிலோவுக்கு 50 நிற்கும் இறாலின் விலை விழும். அறுவடைக்கு முன் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால், கண்காணிப்பு உண்மையிலேயே பல்லோடு இருப்பது இந்த ஓர் இடத்தில்தான். வெளிநாட்டுக்காரர் தட்டுக்குப் போகும் இறாலுக்கு ஆய்வகம் இருக்கிறது. குளத்தடி ஊரின் அடிபம்புத் தண்ணீரை யார் அப்படிச் சோதிக்கிறார்?

கடலுக்குள் கூண்டு போட, பாசி வளர்க்க?

2023 திருத்தத்துக்குப் பிறகு கூண்டு மீன் வளர்ப்பு, கடற்பாசி, சிப்பி, அலங்கார மீன் எல்லாம் இதே ஆணையத்தின் குடைக்குள் வந்துவிட்டன. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்த பிறகு ராமநாதபுரம் பக்கம் கூண்டு ஆசை கூடியிருக்கிறது. கூண்டு போடும் இடத்தில் ஏற்கெனவே வலை போடும் மீனவர்களிடம் பேசாமல் எந்த அனுமதிக் கடிதமும் உங்களைக் காப்பாற்றாது.

பதிவு இல்லாமல் நடத்தினால் ஜெயிலா?

முன்பு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023-இல் சிறையை எடுத்துவிட்டார்கள். இப்போது பண அபராதம், பண்ணையை நிறுத்துவது, கட்டுமானத்தை அகற்றுவது, குளத்தில் நிற்கும் இறாலை அழிப்பது, பதிவை ரத்து செய்வது.

சிறை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஐந்து ஏக்கர்க்காரரை மூன்று வருடம் உள்ளே போட்டு யாருக்கு லாபம்? பெரிய முதலீட்டுக்காரருக்கு அபராதமும் ஒரு செலவுக் கணக்கு ஆகிவிடுமோ என்பதுதான் கவலை. நிற்கும் இறாலை அழிக்கும் அதிகாரம் அவரையும் உறுத்தும். அதைப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பக்கத்துப் பண்ணையால் என் வயல் கெடுகிறது. என்ன செய்யட்டும்?

முதலில் அந்தப் பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மாவட்ட மீன்வளத் துறையிலோ ஆணையத்திலோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், சர்வே எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: பதிவு எண், எவ்வளவு பரப்புக்கு, எந்த இனத்துக்கு, எந்தத் தேதி வரை, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது. 4 ஏக்கருக்குப் பதிந்துவிட்டு 9 ஏக்கரில் நடத்துவது சகஜம்; அந்த ஒரு பதில் போதும், உங்கள் மனு நிமிர்ந்து நிற்கும்.

பிறகு மனு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒன்று, அதன் நகல் ஆணையத்துக்கு ஒன்று, கழிவுநீர் பற்றியது என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒன்று. 'இறால் பண்ணையால் பாதிப்பு' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த சர்வே எண்ணில் இருக்கும் குளம், எந்த மதகு, எந்த வாய்க்கால், எந்த நாள் என்று எழுதுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் வயல் மண்ணையும் வேளாண் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பு அளவை வாங்கி வையுங்கள். பண்ணை வருவதற்கு முன்பே ஒருமுறை எடுத்து வைத்திருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. எங்கேயாவது குளம் வெட்டப் பொக்லைன் இறங்குகிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே மாதிரி எடுங்கள்.

படம் எடுப்பது அறுவடை நாளில். மதகு திறந்து கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் இறங்குவது ஒரு இரவு வேலை. மனு கிடைத்து மூன்றாம் நாள் வரும் அதிகாரி காய்ந்து வெடித்த குளத்தைத்தான் பார்ப்பார்.